தகரக் கங்காணிக்கு இரண்டு பெட்டரி

என் அருமை மாப்பிள்ளை ராமையாவுக்கு,

நீ இல்லாத உன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி பாக்கியம், அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். "யாருக்குண்ணே எழுதுறீங்க?" என்று கேட்டாள். "ராமையாவுக்கு" என்றேன். "எழுதுங்க. பதில் சொல்லாட்டியும் கேப்பாரு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஊருக்கு முன்னால் உன்னை "வாங்க மாப்பிள்ள" என்பேன். தனியாக இருந்தால் "டேய்" தான். இதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் பேனா "நீ" என்றே ஓடுகிறது. பொறுத்துக்கொள்.

உனக்குச் சொல்ல நல்ல சேதி இருக்கிறது. உன் தகரக் கங்காணி நடந்துவிட்டான். கையையும் தூக்கினான். ஆனால் அந்தச் சேதியைச் சொல்லப் போனால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் பாதி எனக்கே விளங்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

நான் கஹவத்தை பஜாரில் துணி தைக்கிறவன். நூல், ஊசி, பொத்தான், கத்திரி. எனக்குத் தெரிந்த சாமான் அவ்வளவுதான். கரண்டு என்றால் சுவிட்சைத் தட்டினால் வரும், இடி இடித்தால் போகும் என்ற மட்டில்தான் அறிவு. நீயோ தோட்டத்து டீ பெக்டரியில் பிட்டர். உருளை நின்றாலும் காத்தாடி நின்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் ஆரம்பித்த வேலையை முடிக்க இப்படிப்பட்டவன் கையிலா விட்டுப் போவது?

ஒரு பெட்டிச் சாமானோடு நீ கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்துச் சின்னத்தொரை ரேடியோவால் ஓட்டுகிற விளையாட்டுப் பிளேன் ஒன்று வைத்திருந்தார். அது றப்பர் மரத்தில் மோதி நொறுங்கிவிட்டது. மாற்றலாகிப் போகும்போது, "உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, வச்சுக்கோ" என்று அதன் வயிற்றிலிருந்த சாமான்களையும் கையில் பிடித்து ஓட்டுகிற ரேடியோப் பெட்டியையும் உன்னிடம் கொடுத்துவிட்டார். தீப்பெட்டி அளவில் மூன்று கறுப்புப் பெட்டிகள். அவற்றை என் தையல் மெஷின் மேல் வரிசையாக வைத்தாய்.

"இது பேரு சேர்வோ மச்சான். சாதாரண மோட்டர் சுத்த ஆரம்பிச்சா சுத்திக்கிட்டே கெடக்கும். இது அப்படியில்ல. எந்த எடத்துல நில்லுங்கிறமோ அந்த எடத்துல வந்து நிக்கும்."

"நின்னு?"

"நின்னு கையத் தூக்கும். கால அசைக்கும். மனுசன் மாதிரி."

"மனுசன் என்னைக்குடா சொன்ன எடத்துல நின்னான்?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் வாயில் பிடித்திருந்த பீடி கீழே விழுந்தது.

பிறகு பிஸ்கட் தகரத்தில் உடம்பு வந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் முதுகு வந்தது. காலுக்குப் பதில் சின்னச் சக்கரங்கள். அதைச் சுற்ற, கழித்துப் போட்ட லொறிகளிலிருந்து கண்ணாடி துடைக்கிற மோட்டர் இரண்டு கொண்டுவந்தாய். ஒரு சேர்வோ வலது கையைத் தூக்கும். இன்னொரு சேர்வோ வயிற்றுக்குள் இருக்கிற சுவிட்சை அமத்தும், அமத்தினால் சக்கரம் ஓடும். மூன்றாவது மிச்சம். கையைத் தூக்கி நிற்கிற நிற்பைப் பார்த்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் "தகரக் கங்காணி" என்று பேர் வைத்தார்கள். நிஜக் கங்காணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பொங்கலன்று பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற அதே இடத்தில், இவனை நடக்க வைப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாய்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கொழுந்து வாட்டுகிற காத்தாடி நின்றுபோயிற்று. அதைத் திருத்தப் போனாய். கரண்டு உன்னைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு மேல் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். பெக்டரியில் "கவனக்குறைவு" என்றார்கள். மெயினை நிறுத்தாமல் கையை வைத்துவிட்டான் என்றார்கள். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைவதற்குள் அது "குடிச்சிருந்தானாம்" என்று மாறிவிட்டது. யார் மாற்றினார்கள்? தீபாவளிக்குக்கூட நீ ஒரு வாய் குடிக்க மாட்டாய் என்று தெரிந்தவர்களே அதைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

கருமாதி முடிந்த மறு வாரம் பாக்கியம் பஸ்ஸில் கஹவத்தைக்கு வந்தாள். மடியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் தகரக் கங்காணி.

"இது நடக்கணும்ணே. பொங்கலன்னிக்கு நடக்க வைக்கிறேன்னு அவரு சொல்லிட்டாரு."

"எனக்கு என்ன தெரியும் பாக்கியம்? நான் காற்சட்டை தைக்கிறவன்."

"இது நடக்காட்டி ராமையா அரைகொறை வேலக்காரன்னு பேசுவாங்க. ஏற்கெனவே பேசுறது போதாதா?"

சாக்கை வாங்கிக்கொண்டேன். அவள் வெள்ளைச் சேலை கட்டி அன்றுதான் முதல் முறை கடைக்கு வந்திருந்தாள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தகரத்தானைப் பார்த்தேன்.

அவன் வயிற்றைத் திறந்தால் எல்லாம் கட்டி முடிந்திருந்தது, பெட்டரியைத் தவிர. நாலு வயர் நுனி சும்மா தொங்கியது. ஒரு சோடி மெல்லியது, பச்சையும் சிவப்பும். இன்னொரு சோடி தடிப்பானது, சிவப்பும் மண்நிறமும். எந்தச் சோடிக்கு எந்தப் பெட்டரி? எத்தனை? எந்தப் பக்கம் பிளஸ்? நீ எதையும் எழுதி வைக்கிற ஆளே இல்லை.

எனக்குத் தெரிந்தது டோர்ச் பெட்டரி. பக்கத்துக் கடையில் எட்டு வாங்கி மூங்கில் குழாயில் வரிசையாக அடைத்துத் தடிப்பான சோடியைத் தொடுத்து, வயிற்றுச் சுவிட்சை விரலால் அமத்திப் பிடித்தேன். சக்கரம் சுற்றியது! பாக்கியம் கை தட்டினாள். கீழே இறக்கி நிறுத்தினேன். ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது. தூக்கினால் சுற்றுகிறது, வைத்தால் நிற்கிறது. மறுபடி தூக்கினேன், மறுபடி வைத்தேன். மூங்கில் குழாய் சூடாகிவிட்டது. இது என்ன கூத்து?

பஸ் ஸ்டாண்டில் கார் பெட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிற விமலேயிடம் போனேன். நீ அடிக்கடி அவனோடு உட்கார்ந்து சிங்களத்தில் அரட்டை அடிப்பாயே, அதே விமலே. தகரத்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "அனே, ராமையாட வேலை" என்று அதன் தலையைத் தடவினான்.

"டெய்லர் மச்சாங், எட்டு டோர்ச் பெட்டரி போட்டா பன்னெண்டு வோல்ட். கணக்கு சரி. ஆனா மோட்டர் பொறப்படுற நேரம் நெறைய கரண்டு கேக்கும். அவ்வளவு குடுக்க டோர்ச் பெட்டரிக்கு ஏலாது. தூக்கிப் புடிச்சா பாரம் இல்ல, அதான் சுத்துது. இதுக்குக் கார் பெட்டரிதான் சரி."

"சின்ன சோடிக்கு?"

"அது சேர்வோவுக்குப் போறது. ஆறு வோல்ட்டுக்கு மேல குடுத்தா செத்துரும். நாலு டோர்ச் பெட்டரி போதும். செவப்புத்தான் பிளஸ். எங்க போனாலும் செவப்புத்தான் பிளஸ்."

கடைக்கு வந்து நாலு டோர்ச் பெட்டரியை எடுத்தேன். சிவப்பைப் பிளஸ்ஸில் வைத்தேன். பச்சையை மைனஸில் வைத்தேன். கை தூக்கவில்லை. பதிலாகத் தோளிலிருந்து மெல்லிய புகை வந்தது. ஒரு மாதிரி இனிப்பான நாற்றம் அடித்தது. பிடுங்கி எறிவதற்குள் அந்தச் சேர்வோ முடிந்துபோயிற்று. சுவிட்சை அமத்துகிற சேர்வோ மட்டும் எப்படியோ பிழைத்தது. ஏன் அது பிழைத்தது, ஏன் இது போனது என்று ஓடி வந்து பார்த்த விமலேக்கும் தெரியவில்லை.

எங்கே போனாலும் சிவப்புத்தான் பிளஸ் என்றானே? உன் வயிற்றுக்குள் மட்டும் ஏன் மாறிப் போனது? உன் தகரத்தானின் வயிற்றைச் சொல்கிறேன்.

விமலே நம்பவில்லை. "ராமையா அப்படிப் பிழை விடுற ஆள் இல்ல" என்றான். நானும் அதையே சொன்னேன். ஆனால் அந்தக் கணம் என் மனதில் ஒரு அசிங்கமான எண்ணம் வந்தது. ஒருவேளை பெக்டரியிலும் இப்படித்தான் மாற்றிக் கட்டினானோ? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அதே எண்ணம் என்று தெரிந்தது.

அவள் எழுந்து கடை வாசலில் போய் நின்றாள். வெகு நேரம் பஸ்களைப் பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். செத்துப் போனவருக்குக் குடுத்த சத்தியம் செல்லுமா?"

"என்ன சத்தியம்?"

"அவரு தலையில அடிச்சு வாங்கின சத்தியம்."

"சொல்லிரு. பாவம் என்னைச் சேரட்டும்."

"அவருக்குச் செவப்பும் பச்சையும் தெரியாதுண்ணே."

எனக்கு விளங்கவில்லை. "தெரியாதுன்னா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுமாம். மண்நெறமும் அதுலயே சேத்தி. சின்னதுல இருந்தே அப்படித்தான். மொளகாய்ப் பழத்தையும் காயையும் நாந்தான் பிரிச்சுக் குடுப்பேன். பெக்டரியில தெரிஞ்சா பிட்டர் வேலையில வைப்பாங்களா? மலையேறித் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுன்னு அனுப்பிருவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. ஒங்ககிட்டயும்."

"எங்கிட்டயுமா?"

"ஒங்ககிட்டதான் முக்கியமா. நீங்க நெறம் பாத்துப் பொழைக்கிறவராம். வெக்கமா இருக்குன்னாரு."

மாப்பிள்ளை, ஒரு பீடியை இரண்டாகப் பங்கு போட்டவர்கள் நாம். உன் கல்யாணத்துக்கு என் தங்கச்சிக்கு அரக்குச் சிவப்பில் சேலை வேண்டும் என்று இரத்தினபுரி முழுதும் சுற்றி எடுத்தேன். கூட வந்தவன் நீதான். கடைக்காரன் பத்துச் சேலை விரித்துப் போட்டான். "இது எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு மச்சான்" என்றாய். என்ன நிறத்தில் பார்த்துச் சொன்னாய்? மணவறையில் பாக்கியம் உனக்கு எப்படித் தெரிந்தாள்? மலை முழுக்கக் கொழுந்து தளிர்த்து நிற்கும்போது, கீழே செம்மண் பாதை போகும்போது, உனக்கு எல்லாம் ஒரே நிறமா? கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க எனக்குத் தெரியாமல் போயிற்று.

சரி, நிறம் தெரியாதவன் இத்தனை காலம் வயரை எப்படிப் பிரித்தான்? தொங்கிய வயர்களைக் கையில் எடுத்தேன். கண்ணை மூடினேன். எனக்குக் கண்ணை விட விரலில் நம்பிக்கை அதிகம். பச்சை வயரின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே விரலில் ஒன்று தட்டுப்பட்டது. நூல். ஒரே ஒரு சுற்று, இறுக்கி முடிச்சுப் போட்டது. தடிப்பான சோடியில் மண்நிற வயரில் அதே நூல், இரண்டு கட்டு. சிவப்பு இரண்டிலும் ஒன்றும் இல்லை.

அது என் நூல். பொத்தான் துளைக்குப் போடுகிற மெழுகு நூல். கடைக்கு வரும்போதெல்லாம் மிச்சத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போவாய். "எதுக்குடா?" என்றால் "வயர் கட்ட" என்பாய். வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிறாய் என்று நினைத்திருந்தேன்.

விமலேயிடம் ஓடினேன். அவன் தடவிப் பார்த்தான். "நூல் உள்ளது பிளஸ். ஒரு கட்டு ஆறு, ரெண்டு கட்டு பன்னெண்டு. வேற என்ன?" என்றான். பாக்கியம் சொன்ன நிறத்துக் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனிடமும் நீ சொல்லவில்லை.

மிச்சமிருந்த சேர்வோவைத் தோளில் மாட்டினோம். அது போனால் வேறு இல்லை. பாக்கியம் அம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள். நூல் கட்டிய பச்சையைப் பிளஸ்ஸில் தொட்டேன். கை எழும்பியது. மாப்பிள்ளை, அந்தக் கை எழும்பிய விதம்! மெதுவாக, இழுத்து, நீ சோம்பல் முறிப்பது போல. பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. விமலே ஒரு யோசனை சொன்னான். "இந்தப் பழைய கார் பெட்டரிக்கு நடுவுலயும் ஈயக் கட்டை வெளிய தெரியுது. அங்க தொட்டா ஆறு வோல்ட் வரும். டோர்ச் பெட்டரி எதுக்கு? ஒரே பெட்டரியில ரெண்டையும் கட்டுவம்" என்றான். கட்டினோம். ரேடியோப் பெட்டியின் குச்சியைத் தள்ளினால் தகரத்தான் ஓரடி போகிறான், கை கிடுகிடு என்று நடுங்குகிறது, நிற்கிறான். நின்றதும் நடுக்கம் போகிறது. மறுபடி தானாகவே ஓரடி போகிறான், நடுங்குகிறான், நிற்கிறான். விக்கல் எடுத்தவன் மாதிரி கடை நீளத்துக்கும் போனான். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தது.

ஏன்? வயர் சரி, நூல் சரி, வோல்ட் சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஏன் நடுங்குகிறான்? இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு தைத்தேன். ஒரு தலைமை ஆசிரியரின் சட்டைக்குப் பையை முதுகில் தைத்துவிட்டேன்.

விமலேதான் கண்டுபிடித்தான். மோட்டர் புறப்படும்போது பெட்டரியை அப்படியே உறிஞ்சி விடுகிறது. அந்த நேரம் சேர்வோவுக்குப் போகிற வோல்ட் விழுந்துவிடுகிறது. சேர்வோ நிலை தடுமாறிச் சுவிட்சை விட்டுவிடுகிறது. சக்கரம் நிற்கிறது. நின்றதும் வோல்ட் ஏறுகிறது, சேர்வோ மறுபடி சுவிட்சை அமத்துகிறது. "ராமையா ரெண்டு சோடியாத்தானே விட்டிருக்கிறான். ரெண்டு பெட்டரின்னு வச்சுத்தான் கட்டியிருக்கிறான். நாந்தான் அவன விடப் படிச்சவன் மாதிரி ஒண்ணாக்கினேன்" என்றான். சக்கரத்துக்குக் கார் பெட்டரி. சேர்வோவுக்கும் ரேடியோவுக்கும் நாலு டோர்ச் பெட்டரி. ஒன்றை ஒன்று தொடாமல் வைத்தோம். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

தகரத்தான் சரியானதும் பாக்கியம் அடுத்ததைக் கேட்டாள். "பெக்டரியிலயும் நூல் கட்டியிருப்பாருல்ல? அந்தக் காத்தாடி வயருல கட்டியிருந்தாரான்னு பாத்துட்டு வாங்கண்ணே."

அவள் என்ன கேட்கிறாள் என்று விளங்கியது. பெக்டரியில் சிவப்பு வயரில்தான் கரண்டு வரும், பச்சை வயர் மண்ணுக்குப் போகும். காத்தாடி வயரில் நீ நூல் கட்டாமல் விட்டிருந்தால், இரண்டையும் மாற்றிப் பிடித்த உன் கண்தான் உன்னைக் கொன்றது. நூல் இருந்திருந்தால் வேறு ஏதோ. இரண்டில் எது என்று தெரிந்தால் உனக்கு என்ன ஆகப் போகிறது? ஆனாலும் போனேன்.

மெஷின் ஓடாத நாள் பார்த்துப் போனேன். டீமேக்கர் மாத்தையா வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அந்தப் பெக்டரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். "ராமையா வேலை செஞ்ச எடத்த ஒருக்காப் பாக்கணும் மாத்தையா" என்றேன். மெயினை நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். உருளை மோட்டரின் பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்பு வயரில் என் நூல். சல்லடை மோட்டரில் என் நூல். நான் விரலால் தடவுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். காத்தாடிக்கு வந்தோம். புது வயர். மொட்டையாக, பளபளவென்று.

"பழைய வயர் எங்க மாத்தையா?"

"கொழும்புல இருந்து வந்து மாத்தினாங்க. கழட்டினதக் கொண்டு போயிட்டாங்க."

"அதுல இந்த மாதிரி நூல்..."

"பார்த்தது போதும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பினேன். பாக்கியம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

பொங்கலன்று பின்னேரம் மழை இல்லை. பெரட்டுக்களத்தைப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். லயத்துச் சனம் முழுதும் வந்திருந்தது. விமலே குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். ரேடியோப் பெட்டியை நான் பிடிப்பதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் பாக்கியம் கையை நீட்டினாள். "குடுங்கண்ணே. நான் ஓட்டுறேன்."

வெள்ளைச் சேலையோடு அவள் களத்து நடுவில் நின்றது சிலருக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்தார்கள். அவள் குச்சியைத் தள்ளினாள். தகரக் கங்காணி கரகர என்று புறப்பட்டான். கோலத்தை மிதித்துக்கொண்டு நேரே போனான். உனக்குத் திருப்பத் தெரியவில்லையா, நேரம் கிடைக்கவில்லையா, நேராக மட்டும்தான் போகிறான். நிஜக் கங்காணி நின்ற இடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். கை எழும்பியது.

கங்காணி முகத்தைச் சுருக்கினார். "நான் இப்படியா தூக்குறேன்?" என்றார்.

"இத விட வேகமா!" என்று ஒரு பெண் கத்தினாள். களமே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல். "இம்புட்டு மூளை உள்ள மனுசன், குடிச்சிட்டுப் போயி வயரப் புடிச்சானே."

யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாக்கியம் பேசினாள்.

"அவரு குடிக்கல. அவருக்குச் செவப்பு பச்சை தெரியாது. பொறவியிலயே தெரியாது. ஒவ்வொரு வயருலயும் நூல் கட்டித்தான் வேலை செஞ்சாரு. ஒங்க லைட்டு, ஒங்க மெஷினு எல்லாம் அப்படித்தான் எரிஞ்சிச்சு, ஓடிச்சு. அன்னைக்கு நூல் இல்லாத வயரு மாட்டிக்கிச்சோ என்னவோ. தெரிஞ்சா சொல்லுங்க. தெரியாட்டி குடிச்சாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

தகரத்தான் கையைத் தூக்கியபடியே நின்றான், அவள் இறக்க மறந்துவிட்டாள். அப்போது களத்து ஓரத்திலிருந்து டீமேக்கர் மாத்தையா முன்னால் வந்தார். அவர் வந்ததே எனக்குத் தெரியாது.

"காத்தாடி வயர்ல நூல் இருந்தது" என்றார். "நான் பார்த்தேன். மெயினையும் ராமையா நிறுத்திட்டுத்தான் வேலை தொடங்கினான். அதையும் பார்த்தேன். அவனுக்கு நிறம் தெரியாதுன்னு எனக்கு ரொம்பக் காலமாத் தெரியும். நூல் என்னத்துக்குன்னு ஒருக்காக் கேட்டேன், சொன்னான். அவன்ட வேலையில நான் பிழை காணல. அதனால யாருக்கும் சொல்லல."

"அப்ப மெயினை மறுபடி போட்டது யாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாக்கியத்தைப் பார்த்தார். "பெரிய தொரைகிட்ட நாளைக்கு இதையே சொல்றேன் நோனா" என்றார். கொழுந்து பறிக்கிற ஒருத்தியை தொரை வீட்டு அம்மாவைப் போல அவர் நோனா என்று கூப்பிட்டதை அந்தக் களம் இதற்கு முன் கேட்டதில்லை. திரும்பி நடந்து போய்விட்டார்.

அவருக்கு நன்றி சொல்வதா, அவர் சட்டையைப் பிடிப்பதா? தெரிந்தவர் இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்? யாரைக் காப்பாற்ற? பெரிய தொரையிடம் சொன்னாராம் என்று ஒரு லயத்தில் பேசுகிறார்கள், சொல்லவே இல்லையாம் என்று அடுத்த லயத்தில் பேசுகிறார்கள். உன் கண் உன்னைக் கொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு இப்போது தெரியும். அதற்குச் சந்தோசப்பட வேண்டுமா என்பதுகூட விளங்கவில்லை. உன்னைக் கேட்டால் நீ சிரித்திருப்பாய்.

ஆனால் ஒன்று நடந்தது. அன்று களத்திலிருந்து திரும்பும்போது கங்காணி பாக்கியத்தின் பக்கத்தில் வந்து நடந்தார். "ராமையாவை நான் தப்பா நெனச்சிட்டேன் தாயி" என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பானையிலிருந்து பொங்கலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீ போன பிறகு அவள் தானாகச் சோறு போட்டுச் சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

இப்போது அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே இன்னும் முடியலையா?" என்கிறாள். எப்படி முடிப்பது?

மெயினைப் போட்டது யார் என்று கேட்கிற கேள்வியை நான் விடப் போவதில்லை, மாப்பிள்ளை. டீமேக்கர் மாத்தையாவின் வீட்டு வாசலில் நிற்பேன். பதில் வராவிட்டால் பெரிய தொரையின் பங்களா வாசலில் நிற்பேன். சண்டை போடத் தெரியாதவன் நான், ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவன். பாக்கியமும் கூட வருகிறேன் என்கிறாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் பாக்கியத்தின் அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்
தங்கவேல்